புதுக் கொக்கி, பழைய பல்: பார்க்கிங் பிரேக் பெடல் ரிப்பேர் கிட் பற்றிய மதிப்பீடு

என்னிடமுள்ள பழைய ஆட்டோமேட்டிக் காரில் பார்க்கிங் பிரேக்கைக் கையால் இழுப்பதில்லை. பிரேக் பெடலுக்கு இடப்புறம், ஓரமாக இன்னொரு சிறிய பெடல் இருக்கிறது. அதை இடது காலால் அழுத்தினால் 'டக் டக்' என்ற ஒலியோடு படிப்படியாக இறங்கி, காலை எடுத்த இடத்தில் நின்றுகொள்ளும். பெடலிலுள்ள ஒரு கொக்கி, பல் வெட்டிய தகட்டின் பற்களில் ஒவ்வொன்றாக விழுந்து பிடிக்கும் ஒலி அது; பெடல் இழுக்கும் கேபிள் பின்சக்கரங்களின் பிரேக்கைப் பிடித்து வைக்கும். விடுவிப்பதற்கு டேஷ்போர்டுக்கு அடியிலுள்ள கைப்பிடியை இழுக்க வேண்டும். பல ஆண்டுப் பயன்பாட்டில் இந்தப் பெடல் தேய்ந்து நம்ப முடியாத நிலைக்கு வந்தபோது, பெடல் அசெம்பிளி முழுவதையும் மாற்றாமல் தேயும் பாகங்களை மட்டும் மாற்றிக்கொள்ளலாம் என்று சொல்லி விற்கப்படும் ஒரு ரிப்பேர் கிட்டை வாங்கினேன். அதை நானே பொருத்தி, நான்கு மாதங்கள் ஓட்டிப் பார்த்த பிறகு இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன். தயாரித்தவரின் பெயரைக் குறிப்பிடவில்லை. இவ்வகைக் கிட்டுகளின் உறைமேல் இருக்கும் பெயரைவிட, உள்ளே இருப்பது என்ன, அது எதைச் சரிசெய்யும், எதைச் சரிசெய்யாது என்பதே வாங்குபவருக்குப் பயன்படும்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கிட்டில் வரும் ரப்பர், புஷ் (பெடல் சுழலும் அச்சைச் சுற்றி அமரும் சிறு குழாய் வளையம்), ஸ்பிரிங் ஆகியவை தரமானவை. அவற்றுக்காக மட்டுமே வாங்கினாலும் நட்டமில்லை. ஆனால் எதைச் சரிசெய்வதற்காகப் பெரும்பாலோர் இந்தக் கிட்டைத் தேடி வருவார்களோ, போட்ட இடத்தில் பெடல் நிற்காத அந்தப் பிடிப்புக் குறையை இது தனியாகத் தீர்த்துவிடாது. அதைப் பற்றி உள்ளே வைத்திருக்கும் குறிப்புத் தாள் ஒரு வார்த்தையும் சொல்லாதது எனக்குப் பெரிய குறையாகப் படுகிறது.

என் பெடலில் மூன்று தொல்லைகள் இருந்தன. மிதிக்கும் இடத்திலுள்ள ரப்பர் நடுவில் தேய்ந்து இரும்புத் தகடு வெளியே தெரிந்தது; காலணி ஈரமாக இருந்தால் கால் வழுக்கியது. பெடலைப் பக்கவாட்டில் பிடித்து ஆட்டினால், கழன்றுவிடுமோ என்று தோன்றும் அளவுக்கு ஆடியது. மூன்றாவதுதான் அஞ்ச வேண்டியது: பிரேக்கைப் போட்டுவிட்டுக் காலை எடுத்த சில நொடிகளில், எப்போதாவது, பிடித்த பல்லிலிருந்து கொக்கி விடுபட்டு, பெடல் இரண்டு மூன்று பல் தொலைவுக்கு மேலே எழுந்தது. இங்கே ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். காலை எடுக்கும் கணத்தில் பெடல் ஒரு பல்லுக்கும் குறைவான தொலைவு பின்வாங்கி அமர்வது இயல்பானது. கொக்கி ஒரு பல்லின் முதுகில் பாதி ஏறியிருக்கும்போது கால் விலகினால் அது முந்தைய பள்ளத்துக்குத் திரும்பி உட்காரும். உட்கார்ந்த பிறகு அசைந்தால் அது பழுது.

இந்தப் பழுது எவ்வளவு பெரியது என்பதைப் புரிந்துகொள்ள, பெடலின் அளவுகளை எடுத்துக் கணக்குப் போட்டேன். சுழலும் அச்சிலிருந்து மிதிக்கும் இடம் 280 மி.மீ. தொலைவிலும், கொக்கி பல்லைப் பிடிக்கும் இடம் 70 மி.மீ. தொலைவிலும் இருந்தன. நான் 30 கிலோ எடைக்குச் சமமாக மிதித்துவிட்டுக் காலை எடுத்தால், அதுவரை என் கால் தாங்கிய சுமையைக் கொக்கி தாங்க வேண்டும். தொலைவு நான்கில் ஒரு பங்காகக் குறைவதால் விசை நான்கு மடங்காகும். அதாவது ஒரே ஒரு பல்லின் முகத்தில், விரல் நகத்தைவிடச் சிறிய பரப்பில், ஏறத்தாழ 120 கிலோ அளவுக்குச் சுமை ஏறி நிற்கிறது. கார் நிற்கும் நேரமெல்லாம் அது நின்றுகொண்டே இருக்கிறது.

விதிகள் எதிர்பார்ப்பதும் சாதாரணமான பிடிப்பு அல்ல. கார்களின் பிரேக்குக்கான ஐ.நா. ஒழுங்குமுறை 13-எச், முழுச்சுமையேற்றிய வாகனத்தைப் பார்க்கிங் பிரேக் மட்டும் 20 விழுக்காட்டுச் சரிவில், ஏறுமுகமாகவும் இறங்குமுகமாகவும், நிறுத்தி வைக்க வேண்டும் என்கிறது. அதற்குக் காலால் கொடுக்க வேண்டிய விசை 500 நியூட்டனைத் தாண்டக் கூடாது, கையால் என்றால் 400 நியூட்டன். 20 விழுக்காடு என்பது 11 பாகைக்குச் சற்று மேற்பட்ட சாய்வு. 1,500 கிலோ எடையுள்ள கார் அந்தச் சரிவில் நின்றால் அதைக் கீழ்நோக்கி இழுக்கும் விசை ஏறத்தாழ 2,900 நியூட்டன், அதாவது 295 கிலோ எடைக்குச் சமம். பின்சக்கரங்களின் பிரேக் ஷூக்கள் (சக்கரத்தோடு சுழலும் டிரம்மை உள்ளிருந்து அழுத்தி நிறுத்தும் வளைந்த பட்டைகள்) எவ்வளவு நன்றாக இருந்தாலும், கேபிளின் இழுவையைப் பிடித்து வைப்பது மேலே சொன்ன அந்த ஒரு பல்தான்.

ஆட்டோமேட்டிக் கியர் உள்ளவர்கள் 'பி' (பார்க்) நிலையில் போட்டால் போதுமே என்று சொல்வதுண்டு. கியர்பாக்ஸுக்குள் இருப்பதும் ஒரு கொக்கியும் பல்சக்கரமும்தான். சரிவில் காரின் எடை முழுவதையும் தினமும் அதன் மேல் சாய்ப்பது அதற்கு நல்லதல்ல. கால் பிரேக்கை மிதித்தபடியே பார்க்கிங் பிரேக்கைப் போட்டு, வண்டியின் சுமை அதில் அமர்ந்த பிறகு 'பி'க்குத் தள்ளுவதே முறை. அந்த முறையைப் பின்பற்றுபவர்களுக்குத்தான் இந்தப் பெடல் சீக்கிரம் தேயும் என்பது வேறு விஷயம்.

இனி கிட்டுக்கு வருகிறேன். உறைக்குள் பெடல் ரப்பர் ஒன்று, புஷ் இரண்டு, கொக்கியும் அதைத் தாங்கும் சிறு பின்னும் (அச்சாணி), கொக்கியைப் பல்லோடு அழுத்தி வைக்கும் சிறு ஸ்பிரிங், பெடலை மேலே இழுக்கும் பெரிய ஸ்பிரிங், பெடல் மேலே வந்து மோதும் இடத்துக்கான ரப்பர் முட்டு, லாக் கிளிப்புகள், ஒரு சிறு பொட்டலம் கிரீஸ், ஒரு பக்கக் குறிப்புத் தாள் ஆகியவை இருந்தன. கிளிப்புகளைப் பற்றிச் சொல்ல எதுவுமில்லை. பழையவற்றைக் கழற்றும்போது ஒன்றாவது தெறித்துக் காணாமல் போகும் என்பதால் கூடுதலாக ஒன்று வைத்திருந்தது நல்ல எண்ணம்.

ரப்பரை முதலில் பாராட்ட வேண்டும். வாகனத்தோடு வந்த ரப்பரில் இருந்த அதே கோட்டு வரிகள், அதே வளைவு. தடிமன் மட்டும் சற்றுக் கூடுதல். பெடல் தகட்டின் விளிம்பைச் சுற்றிக் கவ்வும் உதடு நல்ல இறுக்கமாக இருப்பதால், உலர்ந்த நிலையில் மாட்டுவது ஏறக்குறைய முடியாத காரியம். வெந்நீரில் ஐந்து நிமிடம் போட்டு எடுத்து, விளிம்பில் சோப்பு நீர் தடவி, ஒரு மூலையை முதலில் மாட்டிவிட்டு மழுங்கிய ஒரு தட்டைக் கரண்டியின் காம்பால் மற்ற பக்கங்களைச் சுற்றி ஏற்றினால் உட்கார்ந்துவிடுகிறது. வழுக்கலுக்காக எண்ணெயோ கிரீஸோ தடவ வேண்டாம். கனிம எண்ணெய் பட்டால் பெரும்பாலான பெடல் ரப்பர்கள் ஊதி இளகிவிடும். அதோடு, மிதிக்கும் பரப்பிலேயே எண்ணெயை விடுவதைப் போன்ற அறிவீனம் வேறில்லை. என் பெடலில் தகட்டின் ஒரு மூலை உள்நோக்கி வளைந்திருந்தது. அதைக் கொறடால் நிமிர்த்திய பிறகே நான்காவது மூலை சரியாக அமர்ந்தது. நான்கு மாதங்களில் ரப்பர் ஒருமுறைகூட நகரவில்லை.

ரப்பர் மட்டும் தேய்ந்திருந்து, பெடல் ஆடாமலும் நழுவாமலும் இருந்தால், முழுக் கிட்டை வாங்காமல் ரப்பரைத் தனியாக வாங்கிக்கொள்ளலாம். வெறும் இரும்பு தெரியும் பெடலை "இன்னும் வேலை செய்கிறதே" என்று விட்டுவைப்பவர்கள் உண்டு. பாதி அழுத்தத்தில் கால் வழுக்கினால் பிரேக் பாதியிலேயே நின்றுவிடும். ஒலி கேட்டதால் போட்டுவிட்டோம் என்று நம்பி இறங்கிப் போய்விடுவோம்.

புஷ்களில்தான் கிட்டைத் தயாரித்தவர் உண்மையாகவே யோசித்து வேலை செய்திருக்கிறார். என் பெடலில் முதலில் இருந்தவை பிளாஸ்டிக் புஷ்கள். ஒன்று விரிசல் விட்டிருந்தது, மற்றொன்று ஒரு பக்கம் காகிதம்போல மெலிந்திருந்தது. கிட்டில் வந்தவை எண்ணெய் ஊறிய வெண்கலப் புஷ்கள். உலோகப் பொடியை அழுத்திச் சூடேற்றிச் செய்யப்படும் இவ்வகைப் புஷ்ஷின் உள்ளே நுண்துளைகள் இருக்கும்; அவற்றில் ஏறியிருக்கும் எண்ணெய் சுழலும்போது கசிந்து மேற்பரப்பை நனைத்து, ஓய்வில் மீண்டும் உள்ளே திரும்பும். பெடல்போல நாளுக்குச் சில முறை மட்டும், சிறிய கோணத்தில் மட்டும் அசையும் இடத்துக்கு இது தாராளமாகப் போதும். நைலான் ஈரத்தை உறிஞ்சி ஊதும் இயல்புடையது என்பதால், மழையில் நனைந்த கால்களோடு ஏறி இறங்கும் இடத்தில் வெண்கலமே எனக்கு மனநிறைவு தருகிறது.

புஷ்ஷில் உள்ள சிறு தேய்மானம் பெடலில் ஏன் இவ்வளவு பெரிய ஆட்டமாகத் தெரிகிறது என்று பலர் வியப்பார்கள். இரண்டு புஷ்களின் வெளி விளிம்புகளுக்கு இடையே என் பெடலில் 24 மி.மீ. அகலம் இருக்கிறது. அதற்குள், பெடல் சுழலும் பெரிய பின்னைச் சுற்றி 0.6 மி.மீ. இடைவெளி விழுந்துவிட்டால், பெடல் அந்த இடைவெளி அனுமதிக்கும் அளவுக்குச் சாயும், 280 மி.மீ. நீளப் பெடல் தண்டின் முனையில் அது ஒரு பக்கத்துக்கு 7 மி.மீ., இரு பக்கமும் சேர்த்து 14 மி.மீ. ஆட்டமாகிறது. ஆட்டம் எரிச்சலூட்டுவது மட்டுமல்ல. பெடல் சாயும்போது அதோடு சேர்ந்து கொக்கியும் சாய்கிறது. பல்லின் முழு அகலத்திலும் அமர வேண்டிய கொக்கி ஒரு ஓரத்தில் மட்டும் உட்காருகிறது. அந்த ஓரம் முதலில் மழுங்குகிறது. பிடிப்புக் குறையின் தொடக்கம் பெரும்பாலும் இங்கேதான் என்று, கழற்றிய பாகங்களைக் கையில் வைத்துப் பார்த்தபோது எனக்குத் தெளிவாயிற்று. கொக்கியின் இடது ஓரம் வலது ஓரத்தைவிட வெளிப்படையாகவே உருண்டிருந்தது.

புஷ் விஷயத்தில் ஒரு குறையும் உண்டு. புஷ் தேய்ந்தால் அது சுற்றும் பின்னும் தேய்ந்திருக்கும், ஆனால் கிட்டில் அந்தப் பெரிய பின் இல்லை. என் காரில் பின்னின் சுமை தாங்கும் பக்கத்தில், நகத்தால் தடவினால் தட்டுப்படும் அளவுக்கு ஒரு பள்ளம் விழுந்திருந்தது. அப்படியே பொருத்தியபோது புதுப் புஷ்ஷிலும் பெடல் முனையில் 3 மி.மீ. ஆட்டம் மிஞ்சியது. நல்லவேளையாக என் பெடலில் பின் என்பது நட்டு போட்டு இறுக்கும் போல்ட் வகை. அதை அரைச் சுற்றுத் திருப்பி, தேயாத பக்கம் சுமையை ஏற்குமாறு மாட்டியதும் ஆட்டம் ஏறக்குறைய மறைந்துவிட்டது. பின்னைத் தகட்டோடு சேர்த்து அடித்துப் பொருத்தியிருக்கும் பெடல்களில் இது முடியாது. லேத் பட்டறையில் அதே அளவில் பின் கடைந்து வாங்கலாம் என்றாலும், கிட்டோடு ஒரு பின்னைச் சேர்த்துத் தந்திருக்கலாமே என்ற எண்ணம் எழாமல் இல்லை.

பெடலை மேலே இழுக்கும் ஸ்பிரிங் பழையதைவிடச் சற்று விறைப்பானது, அது நல்லதே. முன்பு பெடல் விடுவித்த பிறகும் கடைசிச் சில மில்லிமீட்டர் மேலே ஏறாமல் தங்கிவிடும். பெடலோடு இணைந்த சுவிட்ச் முழுதும் அழுந்தாததால் ஓடும்போதே பிரேக் எச்சரிக்கை விளக்கு மினுக்கும். பிரேக் ஆயில் குறைந்தாலும் அதே விளக்குதான் எரியும் என்பதால், இந்த மினுக்கலுக்குப் பழகிப்போவது ஆபத்தான பழக்கம். புது ஸ்பிரிங் போட்ட நாளிலிருந்து அது மினுக்கவில்லை. விடுவிக்கும்போது பெடல் வேகமாக எழுந்து மோதுகிறது. அந்த மோதலை கிட்டில் வந்த ரப்பர் முட்டு ஏற்றுக்கொள்கிறது.

ஆனால் இந்த ஸ்பிரிங்கை மாட்டுவதுதான் வேலை முழுவதிலும் பொறுமையைச் சோதிக்கும் பகுதி. டேஷ்போர்டுக்கு அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டு, முகத்துக்கு நேரே விறைப்பான ஒரு ஸ்பிரிங்கைக் கொறடால் இழுப்பது அறிவுடைமை அல்ல. பழைய மெக்கானிக்குகள் செய்யும் ஒரு வழி இருக்கிறது. ஸ்பிரிங்கை வைஸில் பிடித்து ஒரு பக்கமாக வளைத்தால் வெளிப்பக்கச் சுருள்கள் விரியும். அந்த இடைவெளிகளில் மெல்லிய வாஷர்களைச் செருக வேண்டும். பிறகு எதிர்ப்பக்கம் வளைத்து அங்கும் செருக வேண்டும். இப்படி நீண்டு நிற்கும் ஸ்பிரிங்கை இரண்டு கொக்கி முனைகளிலும் சாவகாசமாக மாட்டிவிட்டு, பெடலை அழுத்தினால் வாஷர்கள் ஒவ்வொன்றாக விழுந்துவிடும். எண்ணி வைத்துக்கொண்டு, அத்தனையும் திரும்பக் கிடைத்தனவா என்று சரிபார்க்க வேண்டும். பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் இந்த வேலையைத் தொடவே கூடாது.

இப்போது கொக்கி. கிட்டின் விளம்பரம் முழுவதும் இதைச் சுற்றித்தான் இருக்கிறது. என் ஏமாற்றமும் இதைச் சுற்றித்தான். பாகமாகப் பார்த்தால் குற்றம் சொல்ல முடியாது. முனை கூர்மையாகவும் நேராகவும் வெட்டப்பட்டிருக்கிறது. மேற்பரப்பு கெட்டியாக்கப்பட்டிருப்பதால் அரத்தின் ஓரத்தால் இழுத்துப் பார்த்தபோது அரம் வழுக்கியது. பின் துளை சரியான அளவு. பழையதையும் புதியதையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்தால், பழைய கொக்கியின் முனை அரை மில்லிமீட்டருக்கு மேல் உருண்டு போயிருந்தது தெரிந்தது. இதை மாற்றினாலே போதும் என்று நம்பி எல்லாவற்றையும் பூட்டி, சமதளத்தில் சக்கரங்களுக்கு இரு பக்கமும் கட்டை வைத்து, பெடலை முப்பது முறை அழுத்திப் பார்த்தேன். இரண்டு முறை நழுவியது.

காரணம் கொக்கியில் இல்லை, அது பிடிக்கும் பல் தகட்டில் இருந்தது. என் பெடலில் பல் வெட்டிய வில் வடிவத் தகடு, தாங்கிச் சட்டத்தோடு ரிவிட் அடித்துப் பொருத்தப்பட்டது. அது கிட்டில் வருவதில்லை, வரவும் முடியாது. புதிய பல் எப்படி இருக்க வேண்டும் என்றால், சுமை தாங்கும் முகம் சற்று உட்சாய்வாக இருக்கும். கேபிள் எவ்வளவு இறுக்கி இழுத்தாலும் அந்த இழுவையே கொக்கியைப் பள்ளத்துக்குள் இன்னும் ஆழமாக அழுத்தும். பல்லின் முனை உருண்டுவிட்டால் அந்தச் சாய்வு தலைகீழாகிறது. அப்போது இழுவை கொக்கியை வெளியே தள்ளுகிறது. சிறு ஸ்பிரிங் ஒன்று மட்டும் அதைத் தடுத்துக்கொண்டிருக்கிறது. அந்நிலையில் யாரோ கதவை ஓங்கிச் சாத்தும் அதிர்வே கொக்கியைக் கழற்றப் போதுமானது. பிரேக் போட்ட நேரத்தில் பிடித்துவிட்டு, சற்று நேரம் கழித்து விடுபடுவதற்கு இதுவே காரணம். ஓட்டுநர் அருகில் இல்லாதபோது நிகழ்கிறது என்பதே இதன் கொடுமை.

பெடலை மறுபடியும் கழற்றி, பற்களைப் பெட்ரோலில் நனைத்த பிரஷால் சுத்தம் செய்து, சாய்வாக விளக்கடித்துப் பார்த்தேன். முதல் நான்கு பற்கள் ஏறக்குறைய புதிதுபோல இருந்தன. ஆறும் ஏழும் மழுங்கியிருந்தன. எட்டாவது பல்லுக்கு மேல் மீண்டும் கூர்மை. இதைப் பார்த்த பிறகுதான் முழுக் கதையும் விளங்கியது. பின்சக்கர டிரம்முக்குள் உள்ள பிரேக் ஷூக்கள் தேயத் தேய, அவற்றை நெருக்கி வைக்கும் அட்ஜஸ்ட்மென்ட்டை யாரும் பல ஆண்டுகள் தொட்டிருக்கவில்லை. தொய்வை நிரப்புவதற்காகப் பெடல் ஒவ்வொரு முறையும் ஆறாவது, ஏழாவது பல்வரை இறங்கியிருக்கிறது. ஒவ்வொரு நாளும், அதே இரண்டு பற்களின் மேல், அதே 120 கிலோ. பெடலின் நோய் பெடலில் தொடங்கவில்லை, பின்சக்கரத்தில் தொடங்கியிருக்கிறது.

எனவே பின்சக்கரங்களைக் கவனித்தேன். வரிசை முக்கியம்: முதலில் கேபிள் அட்ஜஸ்டரை முழுதாகத் தளர்த்திவிட வேண்டும், பிறகு டிரம்மிலுள்ள துளை வழியாகப் பல்சக்கர அட்ஜஸ்டரைத் திருப்பி ஷூ டிரம்மைத் தொடும்வரை நெருக்கி, வாகனக் கையேடு சொல்லும் அளவுக்குப் பின்வாங்க வேண்டும், அதன் பிறகே கேபிளின் தொய்வை எடுக்க வேண்டும். பலர் செய்வதுபோல ஷூக்களைத் தொடாமல் கேபிளை மட்டும் இறுக்கினால், பெடல் மேலே நிற்பதுபோலத் தெரியும். ஆனால் ஷூக்கள் ஓய்வு நிலைக்குத் திரும்ப இடமில்லாமல் ஓட்டத்தில் உரசிச் சூடேறும். சரியாகச் செய்த பிறகு என் பெடல் மூன்றாவது பல்லுக்கும் நான்காவது பல்லுக்கும் இடையே நின்றது. புதுக் கொக்கி, தேயாத பற்கள். ஐம்பது முறை அழுத்தினேன், ஒருமுறைகூட நழுவவில்லை. சரிவான பாதையில், உள்ளே ஒருவரைக் கால் பிரேக்கின் மேல் தயாராக உட்கார வைத்துச் சோதித்தபோதும் அசையவில்லை. நான்கு மாதங்களாக அப்படியே இருக்கிறது.

இதை நிரந்தரத் தீர்வு என்று நான் ஏற்கவில்லை. ஷூ மீண்டும் தேயும், கேபிள் கொஞ்சம் நீளும், பெடல் மெல்ல மெல்ல இறங்கி ஒரு நாள் மழுங்கிய பற்களுக்கே போய்ச் சேரும். ஆகவே வாரம் ஒருமுறை 'டக்' ஒலியை எண்ணுகிறேன். ஐந்தைத் தொட்டால் அன்றே அட்ஜஸ்ட்மென்ட் என்று முடிவு. இடையில் முழு அசெம்பிளி ஒன்றுக்கும் சொல்லி வைத்திருக்கிறேன். குறிப்புத் தாளில் "பல் தகட்டைப் பாருங்கள்; பற்கள் மழுங்கியிருந்தால் இந்தக் கிட் உங்களுக்கு அல்ல" என்று இரண்டு வரி போட்டிருந்தால், நானும் முதல் நாளே அதைத்தான் செய்திருப்பேன். மாறாக அந்தத் தாள் "இயங்கும் பாகங்கள் அனைத்துக்கும் தாராளமாகக் கிரீஸ் தடவவும்" என்கிறது. இது தவறான அறிவுரை. அச்சுக்கும் கொக்கியின் பின்னுக்கும் கிரீஸ் வேண்டும். பற்களின் மேல் கெட்டியாக அப்பினால் தரைவிரிப்பின் தூசியெல்லாம் அதில் ஒட்டிப் பள்ளத்தை நிரப்பும், குளிரில் அது இறுகிக் கொக்கியை முழு ஆழத்துக்கு விழவிடாது. பற்களுக்கு ஒரு மெல்லிய பூச்சு, அதையும் துணியால் துடைத்துவிட்ட அளவில், போதும்.

மழுங்கிய பற்களை அரம் போட்டு ராவிக் கூராக்கிக்கொள்ளலாமே என்று கேட்பவர்களுக்கு: வேண்டாம். பற்களின் கெட்டித்தன்மை மேற்பரப்பில் ஒரு மெல்லிய அடுக்கில் மட்டுமே இருக்கும். அதை ராவி எடுத்துவிட்டால் கீழே இருப்பது மென்மையான இரும்பு. பார்வைக்குக் கூர்மையாக இருக்கும், பழைய பல்லைவிட விரைவில் மழுங்கும். வெல்டிங் வைத்துப் பல்லை நிரப்பிப் பிறகு வெட்டுவதும் அப்படியே; சூடு பட்ட இடத்தைச் சுற்றிலும் கெட்டித்தன்மை போய்விடும். போதாக்குறைக்கு, துத்தநாகப் பூச்சுள்ள சட்டத்தில் வெல்டிங் வைத்தால் எழும் புகையைச் சுவாசிப்பது காய்ச்சலும் நடுக்கமும் வரவைக்கும். மிதிக்கும் தகடு பெடல் தண்டிலிருந்து விரிசல் விட்டால் நல்ல வெல்டர் ஒட்டித் தரலாம். பல் தகட்டில் யாரும் கைவைக்கக் கூடாது.

பழைய வாகனங்களை உடைத்து விற்கும் இடங்களில் முழு அசெம்பிளி வாங்குவதும் ஒரு வழி. அங்கே போகிறவர்கள் ரப்பரைப் பார்த்து ஏமாற வேண்டாம். ரப்பரை யார் வேண்டுமானாலும் மாற்றியிருக்கலாம். கைப்பேசி விளக்கை அடித்து நடுவிலுள்ள பற்களைப் பாருங்கள், விரல் நுனியால் தடவிப் பாருங்கள். ஒரே வயதுடைய வாகனத்தின் பெடல் ஒரே வழியில் தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். பார்க்கிங் பிரேக்கைத் தொடவே தொடாத ஒருவரின் காரிலிருந்து வந்த பெடல் கிடைத்தால் அதுதான் அதிர்ஷ்டம். அவருடைய சோம்பல் நமக்கு லாபம். அப்படிப்பட்ட அசெம்பிளியில் இந்தக் கிட்டின் ரப்பரையும் புஷ்களையும் ஸ்பிரிங்கையும் போட்டால், புதியதற்குச் சற்றும் குறையாத பெடல் கையில் இருக்கும். கிட்டுக்கு உண்மையான பயன் அங்கேதான் என்று இப்போது நினைக்கிறேன்.

வேலைக்கு எனக்கு ஒரு முழு நாள் ஆயிற்று. பின்சக்கர அட்ஜஸ்ட்மென்ட்டையும் இரண்டாவது முறை கழற்றியதையும் சேர்த்துச் சொல்கிறேன். பழகிய கைக்கு அரை நாள் போதும். தொடங்கும் முன் வண்டி சமதளத்தில் நிற்க வேண்டும், சக்கரங்களுக்குக் கட்டை வைத்திருக்க வேண்டும். பெடலைக் கழற்றுவது என்றால் அந்த நேரத்தில் பார்க்கிங் பிரேக்கே இல்லை என்று பொருள். கேபிளைத் தளர்த்தாமல் பெடலிலிருந்து கழற்ற முயன்றால் விரல்தான் நசுங்கும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகக் கூடாது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

வாங்கும் முன் இன்னொன்றையும் பார்த்துக்கொள்ளுங்கள். இந்தக் கிட் கைப்பிடியை இழுத்து விடுவிக்கும் வகைப் பெடலுக்கு மட்டுமே. ஒருமுறை மிதித்தால் பிடித்து, மறுமுறை மிதித்தால் விடும் வகைப் பெடல்களில் கொக்கியின் அமைப்பே வேறு. அங்கே கொக்கியைத் தூக்குவதற்குக் கைப்பிடி கிடையாது, இரண்டாவது மிதியே அந்த வேலையைச் செய்கிறது. கியரைப் 'பி'யிலிருந்து நகர்த்தியதும் எஞ்சினின் வெற்றிட இழுவையால் தானாக விடுபடும் பெடல் சில பழைய அமெரிக்கக் கார்களில் உண்டு. அவற்றின் கொக்கியில், வெற்றிடத்தால் இழுபடும் சவ்வின் (டயாஃப்ரம்) கம்பி வந்து மாட்டுவதற்கு ஓர் இடம் வேண்டும், இந்தக் கொக்கியில் அது இல்லை. ரப்பர் வேண்டுமானால் அளவு பார்த்துப் பொருந்தலாம், மற்றவை பொருந்தாது. உறையின் மேல் இந்த வேறுபாடு எங்கும் அச்சிடப்படவில்லை. பெடலைக் கழற்றிப் பழைய கொக்கியைக் கையில் வைத்துக்கொண்டு ஒப்பிட்ட பிறகே வாங்குங்கள்.